தலைக்கணக்கில் நம் பட்டணம்

சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் கடைக்கு வந்தபோது, "அண்ணாச்சி, போன தடவை கல்வெட்டு எழுதினீங்க, பாதிப் பேருக்குப் புரியல. இந்தத் தடவை நம்ம ஊரைப் பத்தி எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். சாலைத் தெருவில் பாத்திர வியாபாரம் செய்பவன். ஆனால் வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எடுத்தாலும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டான். அதனால் இந்தத் திருவனந்தபுரத்தை எண்ணிப் பார்த்தவர்கள் யார், எண்ணியதில் என்ன தெரிந்தது, அந்த எண்ணிக்கையில் தமிழர்களாகிய நாம் எங்கே நிற்கிறோம் என்பதையே இங்கு எழுதத் துணிந்தேன். நம் பிள்ளைகள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் எண்ணியவர்கள்

திருவிதாங்கூரில் ஆட்களை எண்ணும் வழக்கம் ஆங்கிலேய இந்தியாவுக்குச் சற்றும் பின்தங்கியதல்ல. ராணி கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1816-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். சுவாதித் திருநாள் காலத்தில் 1836-இல் இன்னொன்று. முதல் கணக்கில் நாட்டு மக்கள் 9,06,587 பேர். இரண்டாவதில் 12,80,668 பேர். இவை ஊர் அதிகாரிகள் அனுப்பிய பட்டியல்களைக் கூட்டிப் போட்ட தொகை. வீடு வீடாகச் சென்று முறைப்படி எடுத்த முதல் கணக்கு 1875-இல்தான் நடந்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜா. திவான் சேஷய்ய சாஸ்திரி. கணக்கை நடத்தியவர் வி. நாகம் அய்யா. இவர்தான் பிற்பாடு, 1906-இல், மூன்று பாகங்களில் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற பெருநூலைத் தந்தவர்.

அந்த 1875-இல் நாட்டின் மக்கள்தொகை 23,11,379. இதைப் பார்த்தவர்களுக்கு வியப்பு. சுமார் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பா? அவ்வளவு பேர் பிறந்திருக்க முடியாது. முன்னால் எண்ணியது குறைவு என்பதே உண்மை. கணக்கு திருத்தமானால் சரக்கு கூடியது போலத் தோன்றும். இது கடைக்காரனுக்குத் தெரிந்த சங்கதிதான். அதன் பிறகு 1881-இல் 24,01,158, 1891-இல் 25,57,736, 1901-இல் 29,52,157, 1941-இல் 60,70,018 என்று ஏறிக்கொண்டே போயிற்று.

பட்டணம் எவ்வளவு சிறியது?

தலைநகரம் என்றவுடன் நாம் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம். 1901-இல் திருவனந்தபுரத்தின் மக்கள் 57,882 பேர்தான். அதே ஆண்டில் தஞ்சாவூரும் கும்பகோணமும் ஏறக்குறைய இதே அளவுள்ள ஊர்கள். மதுரை ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. அதாவது நம் முப்பாட்டன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிய இடம் ஒரு சிறு பட்டணம். கோட்டை, கோட்டைக்குள் கோயில், அதைச் சுற்றி அக்கிரகாரங்கள், கிழக்கே கரமனை ஆற்றை நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, வடக்கே நாயர் படை தங்கியிருந்த பாளையம், மேற்கே கடற்கரைக் குடியிருப்புகள். இடையில் எல்லாம் தென்னந்தோப்பும் வயலும்.

1941-இல் பட்டணத்து மக்கள்தொகை சுமார் 1,28,000. நாற்பது ஆண்டுகளில் 2.2 மடங்கு. அதே காலத்தில் நாடு முழுவதும் வளர்ந்தது 2.06 மடங்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பம்பாய், சென்னை போல ஊர்நாட்டை உறிஞ்சி வளர்ந்த நகரம் அல்ல இது. நாட்டோடு சேர்ந்து தானும் வளர்ந்த ஊர். ஆலைகள் இல்லை, சர்க்கார் உத்தியோகம், கோயில், கடைத்தெரு ஆகிய மூன்றும்தான் சோறு போட்டன.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2001-இல் மாநகராட்சியின் மக்கள்தொகை 7,44,983. 2011-இல் சுமார் 9.57 லட்சம் என்று சிலர் சொல்வார்கள். "அடேயப்பா, பத்து வருஷத்துல ரெண்டு லட்சமா!" என்று மலைக்க வேண்டாம். 2010-இல் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு முதலிய ஊராட்சிகளை நகரத்தோடு சேர்த்தார்கள். பழைய எல்லைக்குள் பார்த்தால் 2011-லும் ஏழரை லட்சத்தை ஒட்டியே நின்றது. கடையில் வியாபாரம் கூடியதா, பக்கத்துக் கடையையும் வாங்கிப் போட்டோமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? மாவட்டம் முழுவதுமே 2001-இல் 32,34,356 ஆக இருந்து 2011-இல் 33,01,427 ஆயிற்று. பத்து ஆண்டில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் அதிகம். ஒரு காலத்தில் 'ஜனநெருக்கம்' என்று பேசிய ஊர், இன்று முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறது.

யார் யார் வந்தார்கள்?

மார்த்தாண்டவர்மா 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். 1750 ஜனவரியில் நாட்டை ஸ்ரீ பத்மநாபனுக்கு அடியறை வைத்தார். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறஜபம் தொடங்கியதும் அக்காலத்தில்தான். வேதம் ஓதவும், ஊட்டுப்புரையில் சமைக்கவும், கணக்கு எழுதவும் பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் அந்தணக் குடும்பங்கள் வந்தன. தர்மராஜா காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியது. அவருடைய திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். அதன் பின் வந்தவர்கள் வேறு வகை: நாஞ்சில் நாட்டு வெள்ளாளர், நாடார், செட்டிமார், கம்மாளர், ராவுத்தர்மார். தெற்கே கோட்டாற்றிலிருந்து மாட்டுவண்டியில் அரிசியும் துணியும் வந்தன. வடக்கே இருந்து பார்வதி புத்தனாறு வழியாக வள்ளக்கடவுக்குத் தோணியில் சரக்கு வந்தது. 1918-இல் ரயில் சாக்கை வரை வந்தது. 1931-இல் தம்பானூர் வரை நீண்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ரயிலில் வந்தவர்கள்.

பாளையத்தில் பள்ளிவாசலும், மாதா கோயிலும், பிள்ளையார் கோயிலும் பக்கம் பக்கமாக நிற்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். பல இன மக்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மனத்தாங்கலே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது.

1891 என்ற ஆண்டு

இந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. நாகம் அய்யா தலைமையில் மக்கள் கணக்கு எடுத்தார்கள். மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அச்சில் வந்தது. இன்று தமிழ்நாட்டு மேடைகளில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலின் பாயிரத்திலிருந்து எடுத்தது. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர் எழுதியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மூன்றாவது, அந்த ஜனவரியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மூலம் திருநாள் மகாராஜாவிடம் கொடுத்த மலையாளி மெமோரியல்.

அந்த மனுவின் சாரம் இதுதான்: பெரிய உத்தியோகங்கள் எல்லாம் வெளிநாட்டாருக்குப் போகின்றன, இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இல்லை. வெளிநாட்டார் என்று சொன்னது பெரும்பாலும் நம்மவர்களை, குறிப்பாகத் தமிழ் பேசும் அந்தண அதிகாரிகளை. இதைப் படிக்கும்போது நமக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் தப்பு உண்டா? சர்க்கார் சம்பளம்தான் அந்தப் பட்டணத்தின் பெரிய வருமானம். அது சில தெருக்களுக்கு மட்டும் போனால் மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1896-இல், டாக்டர் பல்புவின் முயற்சியில் 13,176 ஈழவர்கள் கையெழுத்திட்டு இன்னொரு மனு கொடுத்தார்கள். படித்த ஈழவருக்கும் வேலை இல்லையே என்பது அவர்கள் கேள்வி. 1932-இல் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நிவர்த்தனக் கிளர்ச்சி நடத்தி, மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கேட்டார்கள். இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. தலைக்கணக்கு புத்தகமாக வந்த பிறகு, எண்ணிக்கை என்பது வெறும் தகவலாக இருக்கவில்லை. அது வழக்காடும் ஆவணமாக மாறிவிட்டது.

ஆள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

பழைய திருவிதாங்கூரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி. அந்தக் காலத்தில் தமிழர் இங்கே சிறுபான்மை என்றாலும் யாரும் புறக்கணிக்க முடியாத சிறுபான்மை. 1954 ஆகஸ்ட் 11-இல் தெற்கே நடந்த துப்பாக்கிச் சூடும், மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும் பலருக்கும் தெரிந்ததே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அங்கே கொண்டாட்டம். சாலைத் தெருவில்?

என் தகப்பனார் 1954-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுத நின்றவர். அவர் சொல்வார்: "முந்தின நாள் ராத்திரி கடையைச் சாத்தும்போது கோட்டாறு நம்ம ஊரு. மறுநாள் காலையில திறக்கும்போது அது வேற ராஜ்யம்." அவர் இருந்த இடத்தில்தான் இருந்தார். எல்லைக் கோடு அவருக்குத் தெற்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நாஞ்சில் நாட்டு நெல்தான் இந்த ஊருக்கு அன்னம். 1957-இல் தென்மாநிலங்களை ஒரே அரிசி மண்டலமாக்கியபோது தடையில்லாமல் வந்தது. 1964-இல் அந்த மண்டலம் கலைந்ததும், களியக்காவிளைச் சோதனைச் சாவடி வியாபாரிகளின் வாயில் அடிக்கடி அடிபடும் பெயராயிற்று. சிறுவனாக நான் பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த பாட்டி மடியில் நாலு படி அரிசியைக் கட்டிக்கொண்டு, குழந்தை தூங்குவது போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பாத்திரம் சொல்லும் வருமானம்

ஓர் ஊரின் வருமானத்தை அறிய அரசாங்கப் புள்ளிவிவரம் வேண்டும். எனக்கு இன்னொரு வழியும் உண்டு: அந்த ஊர் எந்தப் பாத்திரம் வாங்குகிறது என்று பார்ப்பது. பழைய முதலாளி வைத்திருந்த பேரேட்டில் கணக்கெல்லாம் சக்கரத்திலும் பணத்திலும் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை மறந்தவன் சாலையில் கடை நடத்தியிருக்க முடியாது. பேரேட்டில் வருகிற சரக்கு உருளி, வார்ப்பு, கிண்டி, நிலவிளக்கு. கல்யாணத்துக்கு ஒன்று வாங்கினால் மூன்று தலைமுறை. கையில் ரொக்கம் குறைவு, வாங்கியது நிலைத்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு மூழ்கியபோது, பித்தளையில் பணம் போட்டவன் தப்பித்தான், பாங்கில் போட்டவன் தவித்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து அலுமினியம் வந்தது. மாதச் சம்பளக்காரரின் பாத்திரம் அது. 1937-இல் பல்கலைக்கழகம், 1956-இல் கேரளத்தின் தலைநகரம், 1963-இல் தும்பாவில் முதல் ராக்கெட் என்று சம்பளம் வாங்குபவர்கள் பெருகினார்கள். பிறகு எவர்சில்வர். 1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, வர்க்கலை, ஆற்றிங்கல் பக்கத்துத் தாய்மார்கள் மகன் அனுப்பிய பணத்தோடு வந்து, விலை கேட்காமல் அடுக்குப் பாத்திரம் வாங்கிப் போனார்கள். அதே கையோடு வீட்டிலிருந்த பழைய உருளியை எடைக்குப் போட்டார்கள். இருபது வருஷம் கழித்து, அவர்களின் பேத்திமார் வரவேற்பறையில் வைக்க அதே உருளியைத் தேடி வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கு இரண்டு பக்கமும் லாபம்தான்.

இந்த நகரத்திலேயே உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்கிவைத்த புலம்பெயர்வு ஆய்வு, கேரளத்திலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் 1998-இல் 13.6 லட்சம் என்றது. 2023-இல் அதே வரிசை ஆய்வு சுமார் 22 லட்சம் என்றது. அவர்கள் அனுப்பிய பணம் 2,16,893 கோடி ரூபாய். ஒரு காலத்தில் தலா வருமானத்தில் இந்தியச் சராசரிக்குக் கீழே இருந்த கேரளம், இன்று அதற்கு மேலே நிற்பதற்கு இது பெரிய காரணம். பெற்றோர் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டதும், பெண்கள் படித்ததும் மற்றக் காரணங்கள்.

போனவர்கள் இடத்தை நிரப்ப யார் வந்தார்கள்? முதலில் நம்மவர்கள். எழுபது, எண்பதுகளில் கொத்தனார், கிணறு வெட்டுபவர், சாலை போடுபவர் எல்லாரும் தெற்குத் தமிழ்நாட்டுக்காரர்கள். தமிழ்நாட்டிலேயே தொழில் பெருகிக் கூலி ஏறிய பின் அவர்கள் வருவது குறைந்தது. 2013-இல் குலாத்தி நிதி ஆய்வு நிறுவனம் கேரளத்தில் சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலோர் வங்காளம், அஸ்ஸாம், பீகார், ஒடிசாக்காரர்கள். இன்று என் கடையில் சரக்கு இறக்குகிற பையன் முர்ஷிதாபாத்துக்காரன். மலையாளம் நன்றாகப் பேசுகிறான், என்னிடம் நாலு வார்த்தை தமிழும் கற்றுக்கொண்டான். 1954-இல் வந்து இறங்கிய என் தகப்பனாரும் இப்படித்தானே இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

குறைந்துபோன ஒரு லட்சம்

இனி நம் வீட்டு விஷயம். 2001-இல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் ஆறு லட்சம் பேர். 2011-இல் சுமார் ஐந்து லட்சம். அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பேர். பத்து ஆண்டில் ஒரு லட்சம் பேர் எங்கே போனார்கள்? கூலிக்கு வந்தவர்கள் சிலர் திரும்பியிருக்கலாம். பிள்ளைகளைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஊரை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு என் வீட்டிலேயே தெரிந்தது.

2011-இல் கணக்கெடுக்க ஒரு ஆசிரியை வந்தார். நான் கடையில் இருந்தேன். மாடியில் இருந்த மகனிடம் தாய்மொழி கேட்டிருக்கிறார். அவன் மலையாளப் பள்ளியில் படித்தவன். பேசுவது மலையாளம், கனவு காண்பதும் அதில்தான் போலிருக்கிறது. "மலையாளம்" என்று சொல்லிவிட்டான். பெயர் நயினார் என்று முடிவதைப் பார்த்து, அந்த அம்மாள் மதத்துக்கு நேரே 'இந்து' என்று அவராகவே எழுதிக்கொண்டார். நான் வந்து, "டீச்சர், மதம் ஜைனம், தாய்மொழி தமிழ்" என்றேன். "அது எல்லாம் ஒண்ணுதானே சாரே" என்றார். நல்ல மனுஷி, வெயிலில் நூறு வீடு ஏறி இறங்கியவர். ஒன்றுதான் என்றால் படிவத்தில் ஆறு மதத்துக்கு ஆறு எண் எதற்கு? பொறுமையாகச் சொன்னேன்; திருத்தினார்.

அந்த ஆண்டுக் கணக்கில் கேரளம் முழுவதும் ஜைனர் 4,489 பேர். வயநாட்டு ஜைனர், கொச்சி, ஆலப்புழையின் குஜராத்தி ஜைனர் எல்லாரும் சேர்த்துத்தான். அதில் தமிழ் பேசுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். என் வீட்டில் உள்ளவர்களைத் தப்பாக எழுதினால் அந்தத் தொகையில் அது தெரியவே செய்யும். ஆனால் இங்கிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பழைய திருவிதாங்கூருக்குள்ளேயே இருந்த சிதறால் மலையில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன் அணி கொடுத்த செய்தி வட்டெழுத்தில் நிற்கிறது. யாரோ ஒருவர் கல்லில் எழுதி வைத்ததால் அந்த அம்மையார் இருந்தது நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ!

இதை ஜைனருக்காக மட்டும் சொல்லவில்லை. சாலைத் தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவைக் கதைகளில் எழுதி, 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவன் (1934–2021) அவர்களையும், நீல பத்மநாபனையும், நகுலனையும் தந்த ஊர் இது. தமிழ்வழிப் பள்ளி நடப்பதற்கும், 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதும் உரிமை உயிரோடு இருப்பதற்கும் பின்பலம் அந்த எண்ணிக்கைதான். ஆள் இல்லை என்று கணக்குச் சொன்னால், ஆசிரியர் எதற்கு என்று கேட்க ஒரு நாள் ஆகாது.

வாசலில் வரும் கேள்வி

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்துக் கணக்கெடுப்பு என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவித்தார்கள். ஆகவே நான்கு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

தாய்மொழி என்பது படித்த மொழியோ, இப்போது அதிகம் பேசும் மொழியோ அல்ல. குழந்தைப் பருவத்தில் தாய் உங்களிடம் பேசிய மொழி என்பதே கணக்கெடுப்பின் விளக்கம். தெரிந்த மற்ற மொழிகளைச் சொல்லத் தனிக் கட்டம் உண்டு. மலையாளத்தை அங்கே பெருமையாகச் சொல்லுங்கள். அது நமக்குச் சோறு போட்ட மொழி. நாம் சொல்வதை அப்படியே எழுதுவது வந்தவரின் கடமை. உண்மையைச் சொல்வது 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் கடமை. தாய் மலையாளத்தில் பேசி வளர்ந்த பிள்ளை மலையாளம் என்று சொன்னால் அதுவும் உண்மைதான். அதை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூட்டிச் சொன்னாலும் தவறு, குறைத்துச் சொன்னாலும் தவறு. தராசு முள் நேராக நிற்க வேண்டும்.

என் பேத்திக்கு இப்போது ஏழு வயது. அவள் அம்மா மலையாளத்தில் பேசுகிறாள். தமிழ் பேசுவது நானும் என் மனைவியும்தான். அடுத்த கணக்கில் அவளுடைய தாய்மொழி என்னவென்று எழுத வேண்டும் என்று மகன் கேட்டான். விளக்கப்படி பார்த்தால் மலையாளம்தான், அப்படியே எழுது என்றேன். சொல்லும்போது மனசு கொஞ்சம் கனத்தது, மறைக்கவில்லை. அன்று முதல் சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் எங்கள் சாப்பாடு முடிந்ததும், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைப் பேரேட்டின் பின்பக்கத்தில் அ, ஆ எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கில் அவள் எந்தக் கட்டத்தில் வந்தாலும், 'தெரிந்த மற்ற மொழிகள்' என்ற கட்டத்தில் தமிழ் என்று அவளே சொல்ல வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதைச் செய்தால், அடுத்த மலரில் இன்னொருவர் இதைவிட நல்ல கணக்கு எழுதுவார்.